ஆரஞ்சு அங்கிகளுக்கு நடுவே ஓர் இடுக்கு: பிளாட் டாப்ஸ் மலையில் ஐந்து நாள்கள்

முதல் நாள், புதன்: டென்வரிலிருந்து மீக்கர்

சென்ற ஆண்டு அக்டோபரில், வேட்டைப் பருவம் தொடங்கிய அன்று, விடியற்காலை மூன்றரை மணிக்குத் தலைவிளக்கின் வெளிச்சத்தில் ஐந்து கிலோமீட்டர் நடந்து போய் ஒரு புல்வெளியின் ஓரத்தில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் எதிர்ச்சரிவில் எல்க் மான்களை எண்ண வேண்டியவன் மற்ற வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு நிற அங்கிகளை எண்ணினேன், பதினொன்று இருந்தன. நான்கு நாள்கள் அங்கேயே கிடந்தும் ஒரு மானின் பின்புறத்தைக்கூடப் பார்க்காமல் வீடு திரும்பிய பிறகு, அடுத்த முறை மானைத் தேடுவதற்கு முன்பு மனிதர்களைத் தேடிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கொலராடோ மாநிலத்தின் பிளாட் டாப்ஸ் மலைக்கு இந்தப் பயணம் அதற்காகத்தான். பருவம் தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது; துப்பாக்கி வீட்டில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது; கையில் இருப்பவை பைனாகுலரும் வரைபடமும் ஒரு நோட்டுப் புத்தகமும் மட்டுமே.

எல்க் நம் மலைக்காடுகளின் கடமானுக்கு உறவு. உருவத்தில் அதைவிடப் பெரியது. வளர்ந்த ஆண் 700 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 320 கிலோ இருக்கும். அதற்கு வழங்கும் இன்னொரு பெயரான ‘வாபிடி’, ஷாவ்னி மொழியில் வெள்ளைப் பின்புறத்தைக் குறிக்கும் என்பதை நினைத்துக்கொண்டால், சென்ற ஆண்டு நான் எதைப் பார்க்கவில்லை என்று சொன்னேனோ அதன் வலி இன்னும் கொஞ்சம் கூடுகிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் நிழலில் வளர்ந்தவர்களுக்கு வேட்டை என்ற சொல்லே உறுத்தும் என்பது எனக்குத் தெரியும். இங்கே கணக்கு வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலராடோவில் இந்த மான் அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டதால், 1913இல் யெல்லோஸ்டோன் பகுதியிலிருந்து கொண்டுவந்து எஸ்டஸ் பார்க்கில் விட்டார்கள். உரிமக் கட்டணமும், 1937 முதல் துப்பாக்கியிலும் தோட்டாவிலும் பிடிக்கப்படும் வரியும் காட்டுயிர்ப் பராமரிப்புக்கே போகின்றன. இன்று ஏறத்தாழ மூன்று லட்சம் எல்க் இந்த மாநிலத்தில் இருக்கின்றன; அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை.

கூட்டத்துக்கும் அதுவே காரணம். மற்ற மாநிலங்களில் பல பகுதிகளுக்கு வருடக்கணக்கில் உரிமக் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். இங்கே இரண்டாம், மூன்றாம் ரைஃபிள் பருவங்களுக்கு ஆண் எல்க் உரிமத்தைப் பல பகுதிகளில் கடைக்குப் போய்ப் பால் வாங்குவதைப்போல எண்ணிக்கை வரம்பின்றி வாங்கலாம். வெளிமாநிலத்தவர் உள்ளூர்க்காரரைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் கட்ட வேண்டும் என்பதுகூட யாரையும் தடுப்பதில்லை. அந்தப் பத்து மடங்கைக் கட்டப்போகிறவர்களில் ஒருவன் என் மனைவியின் தம்பி. டல்லாஸிலிருந்து நேற்றிரவு வந்து இறங்கினான். டெக்சஸில் நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது. பணம் கொடுத்தால்தான் வேலிக்கு உள்ளே போக முடியும். ஆகவே, பொது நிலம் என்றதும் அவனுக்குக் கண்கள் விரிகின்றன. “அத்தான், காசு கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் போகலாமா?” என்று ஐசனோவர் சுரங்கத்துக்குள் கேட்டான். “யார் வேண்டுமானாலும் போகலாம் என்பதுதான் மாப்பிள்ளை, நமக்குள்ள சிக்கலே” என்றேன்.

க்ளென்வுட் பள்ளத்தாக்கைத் தாண்டி, ரைஃபிள் என்றே பெயருள்ள ஊரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, 13ஆம் எண் சாலையில் வடக்கே ஏறி, மாலையில் மீக்கர் வந்து சேர்ந்தோம். 1879இல் இந்த மண்ணின் தொல்குடிகளான யூட் மக்களுக்கும் அரசு முகவருக்கும் மூண்ட மோதலில் கொல்லப்பட்ட அந்த முகவரின் பெயர்தான் ஊரின் பெயர். அதன் பின் இரண்டே ஆண்டுகளில், வேட்டை நிலங்களையெல்லாம் விட்டுவிட்டு வெள்ளாற்று (ஒயிட் ரிவர்) யூட் மக்கள் யூட்டாவுக்குத் துரத்தப்பட்டார்கள். நாளை நாங்கள் நடக்கப்போகும் பொது நிலம் எப்படிப் பொதுவானது என்பதற்கு அந்தப் பெயர்ப்பலகையே போதுமான விளக்கம்.

இரண்டாம் நாள், வியாழன்: வண்டிகளை எண்ணியது

மீக்கரிலிருந்து வெள்ளாற்றின் கரையோடு கிழக்கே போகும் சாலை முதல் பாதியில் தனியார் பண்ணைகளுக்கு நடுவே செல்கிறது. வைக்கோல் வெட்டி முடிந்த வயல்களில் காலை ஏழு மணிக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட எல்க் பசுக்களின், அதாவது பெண் மான்களின், மந்தை ஒன்று, கம்பி வேலிக்கு உள்ளே, சாலையிலிருந்து கல்லெறியும் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. மைத்துனன் வண்டியை நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்தான். அவை நமக்கில்லை என்று சொன்னபோது அவன் முகம் சுருங்கியது. கொலராடோவில் அறிவிப்புப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், உரிமையாளரின் அனுமதியின்றித் தனியார் நிலத்தில் வேட்டையாடக் கூடாது. மலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் மந்தைகள் இறங்கி வந்து தஞ்சம் புகுவது இத்தகைய வயல்களில்தான். எல்லைக் கோடு மான்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேட்டைக்காரர்களுக்குத் தெரிவதில்லை.

கைப்பேசியில் உள்ள ஆன்எக்ஸ் என்ற செயலியின் வரைபடத்தில் தேசிய வனம் பச்சை, நில மேலாண்மைத் துறையின் நிலம் மஞ்சள். ஊரிலேயே பதிவிறக்கி வைத்துக்கொள்ள நான் சொன்னதை மைத்துனன் மறந்துவிட்டு வந்ததால், பியூஃபர்ட் என்ற சிற்றூரைத் தாண்டிச் சிக்னல் போனதும் அவன் கையிலிருந்தது வெறும் கண்ணாடித் துண்டாகிவிட்டது. காகித வரைபடம் கொண்டுவந்ததற்காக முதல்முறையாக அவன் என்னை மெச்சினான்.

ட்ராப்பர்ஸ் ஏரிக்கு அருகே கூடாரம் அடித்திருக்கிறோம். கடல் மட்டத்துக்கு மேல் 9,600 அடி; படிக்கட்டு ஏறினாலே மூச்சு வாங்கும் உயரம். இங்குள்ள கூடாரத் திடல்களில் ஒன்றுக்குக் குதிரைத் திருடன் என்று பெயர். 1919இல் இந்த ஏரியைச் சுற்றி விடுமுறை வீடுகள் கட்ட மனை அளக்க அனுப்பப்பட்ட ஆர்தர் கார்ஹார்ட் என்ற வனத்துறை ஊழியர், அளந்து முடித்துவிட்டு, இங்கே எதையும் கட்டக் கூடாது என்று மேலதிகாரிக்குச் சொன்னார். அந்தச் சொல் நின்றது. சுற்றியுள்ள பகுதி 1975 முதல் பிளாட் டாப்ஸ் வனாந்தரம் என்ற காப்புப் பகுதி. மோட்டாருக்கும் மிதிவண்டிக்கும் அனுமதியில்லை, இறைச்சி இழுத்துவரும் இரண்டு சக்கர வண்டிக்குக்கூட அனுமதியில்லை. காலும் குதிரையும் மட்டுமே. வயோமிங்கில் இத்தகைய வனாந்தரத்துக்குள் வெளிமாநிலத்தவர் வழிகாட்டி இல்லாமல் பெருவிலங்கு வேட்டையாட முடியாது. கொலராடோவில் அந்தத் தடை இல்லாததால்தான் என் மைத்துனனால் வர முடிகிறது. அவனைப்போன்ற ஆயிரக்கணக்கானோராலும் வர முடிகிறது.

பகல் முழுவதும் செய்த வேலை, நடைபாதைகள் தொடங்கும் இடங்களுக்குப் போய் நிற்கும் வண்டிகளை எண்ணுவதுதான். இப்போது வில் வேட்டைப் பருவத்தின் கடைசி வாரம். ரைஃபிள் பருவத்தில் வரும் கூட்டத்துக்கு இது ஒரு மாதிரி. ஸ்கின்னி ஃபிஷ் ஏரிக்குப் போகும் பாதையின் முகப்பில் ஆறு பிக்கப் வண்டிகளும், அவற்றில் இரண்டின் பின்னால் குதிரை டிரெய்லர்களும் நின்றன. நான் வீட்டில் மூன்று மாதம் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த முதல் இடம் அந்தப் பாதையின் வழியேதான் போகிறது. மைத்துனன் நோட்டில் ‘6’ என்று எழுதிவிட்டு, “இங்கேயே ஆறா?” என்றான். டிரெய்லரின் பக்கத்தில் குதிரைச் சாணம் காயாமல் கிடந்தது. அன்று காலையில்தான் இறங்கியிருக்கிறார்கள். எனக்குச் சென்ற ஆண்டின் பதினொரு ஆரஞ்சு அங்கிகள் நினைவுக்கு வந்தன.

இரவு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து வரைபடத்தில் கோடு போட்டோம். சாலையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் வரை, காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள். ஐந்தாறு கிலோமீட்டருக்கு அப்பால், குதிரையில் பெரிய கித்தான் கூடாரங்களையும் இரும்பு அடுப்புகளையும் ஏற்றிச் செல்லும் தொழில்முறைக் குழுவினர். கூட்டத்துக்குத் தப்ப வேண்டுமானால் இன்னும் உள்ளே போ என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சென்ற ஆண்டு அதை நம்பித்தான் போனேன். உள்ளே போனால் அங்கே குதிரைக்காரன் இருக்கிறான். இரண்டுக்கும் இடையில், பாதையிலிருந்து விலகி, குதிரை ஏற முடியாத, நடப்பவன் ஏற விரும்பாத இடம் ஏதாவது இருக்கிறதா என்பதே கேள்வி. சமவுயரக் கோடுகள் நெருங்கி நெருங்கி வந்து, நடுவில் மட்டும் விரல் நகம் அளவுக்கு விலகியிருக்கும் ஓரிடத்தை மைத்துனன்தான் கண்டுபிடித்தான்: செங்குத்தான வடக்குச் சரிவின் பாதியில், ஒரு திண்ணை.

மூன்றாம் நாள், வெள்ளி: திண்ணைக்குப் போய்த் தோற்றது

அந்த இடத்தின் பெயரை எழுத மாட்டேன். வேட்டைக்காரர்கள் பெண் கொடுத்தாலும் இடம் கொடுக்க மாட்டார்கள் என்பதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாதையை விட்டு இறங்கியதிலிருந்து திண்ணைக்கு நேர்த்தூரம் ஒன்றேகால் கிலோமீட்டர். அதைக் கடக்க இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. இந்தப் பீடபூமியின் ஸ்ப்ரூஸ் காடுகளை 1940களில் வண்டு அரித்தது. ஏரியைச் சுற்றிய பகுதியை 2002இல் பிக் ஃபிஷ் தீ எரித்தது. செத்த மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தீக்குச்சிகளைக் கொட்டியதுபோல் விழுந்து கிடக்கின்றன. ஒரு மரத்தின் மேல் ஏறி, அதன் மேலேயே பத்தடி நடந்து, அடுத்ததன் அடியில் முதுகுப்பையைத் தள்ளிவிட்டுத் தவழ்ந்து, எழுந்தால் இடுப்பளவில் இன்னொன்று. ஒடிந்த கிளையின் முனை என் கால்சட்டையைத் தொடையிலிருந்து முழங்கால் வரை கிழித்தது. காற்று எழும்போதெல்லாம் நின்றுகொண்டே செத்த மரங்கள் கதவு திறப்பதுபோல் முனகின. பலத்த காற்றடித்தால் இந்த வழியில் போவதில்லை என்று அங்கேயே ஒரு விதி செய்துகொண்டோம். இந்த ஒன்றேகால் கிலோமீட்டரில் மனிதன் வந்ததற்கான ஒரு தடயமும் இல்லை. பழைய நெருப்புத் தடமோ, பிளாஸ்டிக் உறையோ, மரத்தில் கட்டிய நாடாவோ, எதுவும் இல்லை.

திண்ணை ஏறத்தாழ ஒரு கால்பந்து மைதானத்தின் அளவு. பச்சை மரங்கள் அடர்ந்து, நடுவில் ஓர் ஊற்று. ஊற்றுக்குப் பக்கத்தில் ஆண் எல்க் புரண்ட சேற்றுக் குழி. கலங்கிய நீர் இன்னும் தெளியவில்லை. விளிம்பில் முழங்கையளவு மயிர் அழுத்திய தடம், அதன் மேல் என் உள்ளங்கையைவிடப் பெரிய குளம்படி. மைத்துனன் குனிந்து முகர்ந்துவிட்டு, மழையில் நனைந்த மாட்டுத் தொழுவம்போல் நாறுகிறது என்றான். அவ்வளவு சரியான விவரணையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அருகிலிருந்த இளமரத்தில் கொம்பு தேய்த்த இடத்தில் பிசின் ஒட்டியது.

இது மான்கள் இணைசேரும் பொலிகாலம். நான்கு மணிக்கு மேல் கீழேயிருந்து ஆண் எல்க்கின் அழைப்பு கேட்டது. இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து புல்லாங்குழல் உடைந்ததைப்போல் மெல்லிய கிறீச்சொலி எழுந்து, கடைசியில் இருமலாக முடியும். சரிவின் விளிம்பில் படுத்துப் பார்த்தோம். பதினொரு பசுக்கள், பின்னால் ஓர் ஆண், மேலே ஏறி வந்துகொண்டிருந்தன. கையில் துப்பாக்கி இல்லாததே நல்லது என்று நினைத்தேன், ஏனென்றால் பதற்றமின்றிப் பார்க்க முடிந்தது. அப்போது கழுத்தின் பின்புறம் குளிர்ந்தது.

மலையில் காற்றுக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. வெயில் பட்டு நிலம் சூடேறினால் காற்று சரிவில் மேல்நோக்கி ஏறும். நிழல் விழுந்தால் கனத்துக் கீழே வழியும். நான் இதைப் படித்திருக்கிறேன், பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். வடக்குச் சரிவில் மாலை வெயில் முன்னதாகவே விலகிவிடும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. காற்றுப் பார்க்க வாங்கிய பொடிக் குப்பி அடைத்துக்கொண்டிருந்ததால், மைத்துனன் தன் அம்மா பையில் போட்டு அனுப்பிய திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை விட்டான். அது நேராகக் கீழே, மந்தையை நோக்கிப் போயிற்று. முன்னால் வந்த பசு தலையை உயர்த்தியது, நாய் குரைப்பதுபோல் ஒரே ஒரு ஒலி, அவ்வளவுதான். பன்னிரண்டு மான்களும் மரம் விழுந்த அந்தக் காட்டுக்குள், நாங்கள் இரண்டே முக்கால் மணி நேரம் தவழ்ந்த அதே காட்டுக்குள், மூச்சு விடுவதற்குள் மறைந்தன.

நான்காம் நாள், சனி: அரிசி மூட்டை

இடம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியை அடக்கிக்கொண்டு, அங்கே ஒரு மானை வீழ்த்தினால் வெளியே கொண்டுவர முடியுமா என்பதை இன்று சோதித்தோம். வேட்டைக் கதைகள் துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்துவிடுகின்றன. உடல் உழைப்பு அங்கேதான் தொடங்குகிறது.

கணக்கு எளிது. பெரிய ஆண் எல்க்கில் எலும்பு நீக்கிய இறைச்சி மட்டும் 90 கிலோவுக்கு மேல் தேறும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது இங்கே குற்றம். கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவனை வேட்டைக்காரர்களே மதிப்பதில்லை. ஆணா பெண்ணா என்பதைக் காட்டும் உறுப்பும் இறைச்சியோடு இயல்பாக ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கு 25 கிலோ சுமந்தால் நான்கு சுமை. ஒவ்வொருவரும் சுமையோடு வெளியே, வெறுமனே உள்ளே, மறுபடி சுமையோடு வெளியே என்று நடக்க வேண்டும். தூரம் நான்கு கிலோமீட்டர் என்றால் ஆளுக்குப் பன்னிரண்டு. கூடாரமும் உள்ளேயிருந்தால் அதற்காக இன்னும் எட்டு.

டென்வரில் இந்தியக் கடையில் வாங்கிய 40 பவுண்டுப் பொன்னி அரிசி மூட்டைகள் இரண்டை வண்டியில் ஏற்றி வந்திருந்தேன். எதற்கு என்று மைத்துனன் மூன்று நாள்களாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு மாதம் தங்கப்போகிறோமோ என்று பயந்திருக்கிறான். மூட்டை 18 கிலோ, அதோடு ஏழு லிட்டர் தண்ணீர். முதுகுப்பையில் கட்டிக்கொண்டு அதே காட்டுக்குள் இறங்கினோம். நேற்று வந்த வழியில் சுமையோடு அரை கிலோமீட்டர்கூடப் போக முடியவில்லை. மரத்தின் மேல் நிற்கும்போது மூட்டை ஒரு பக்கம் சாய, மைத்துனன் மல்லாந்து விழுந்து, கவிழ்ந்த ஆமையைப்போல் கைகாலை அசைத்தான். அடி ஒன்றும் இல்லை. மூட்டையின் ஓரம் பிய்ந்து ஒரு பிடி அரிசி ஸ்ப்ரூஸ் முட்களுக்கு நடுவே கொட்டியது. பொன்னி அரிசி அங்கே கிடந்ததை அறிந்திருந்தால் அவன் அம்மா இன்னொரு பொட்டலம் திருநீறு அனுப்பியிருப்பார். ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி எடுத்தோம்.

பிறகு திண்ணையின் கிழக்கு ஓரத்தில் ஓர் ஓடைப் பள்ளம் இருப்பதைக் கண்டோம். நீர் அடித்துக்கொண்டு போனதாலோ என்னவோ விழுந்த மரம் குறைவு. மான்களும் அதைத்தான் பயன்படுத்துகின்றன, குளம்படிகள் படிக்கட்டுபோல் பதிந்திருந்தன. அதன் வழியே சுமையோடு ஒரு மணி இருபது நிமிடத்தில் பாதைக்கு வந்துவிட்டோம். அந்தப் பள்ளம் இல்லையென்றால் இந்தத் திண்ணையை நான் விட்டிருப்பேன். எத்தனை மான் இருந்தாலும், எடுத்துவர வழியில்லாத இடத்தில் சுடக் கூடாது.

இரவில் எழுதிய திட்டம் இது. வியாழன் மாலையே வந்து சாலையோரம் கூடாரம் அடிப்பது. உள்ளே தங்குவதில்லை, புகையும் நாற்றமும் திண்ணைக்குப் போக வேண்டாம். சனிக்கிழமை விடியலில் ஸ்கின்னி ஃபிஷ் பக்கத்துக் கூட்டம் கீழேயுள்ள புல்வெளிகளில் நடமாடத் தொடங்கும்; சுடுவார்கள், கத்துவார்கள், தலைவிளக்குகளை ஆட்டுவார்கள். மான்கள் புல்வெளியை விட்டு அடர்ந்த காட்டுக்கு ஏறும். மேலே பீடபூமியில் குதிரைக்காரர்கள் இருப்பதால் நடுவிலேயே தங்கப் பார்க்கும். நாம் மேற்குக் காற்றுக்கு ஏற்பத் திண்ணையின் கிழக்கு முனையில் உட்கார்ந்தால் நம் வாடை வெற்றிடத்துக்குப் போகும். எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரை அசையாமல் இருக்க வேண்டும். பசித்த மற்றவர்கள் முகாமுக்குத் திரும்பிச் செல்லும் நேரமும் அதுதான். சட்டம் கேட்கும் 500 சதுர அங்குல ஆரஞ்சுத் துணி நம்மேலும் இருக்கும். அதை மானால் நிறமாகப் பிரித்தறிய முடியாது, அசைவை அறியும். கொம்பில் ஒரு பக்கம் நான்கு கிளை அல்லது ஐந்து அங்குல நெற்றிக் கிளை தெரியாமல் விசையில் விரல் வைப்பதில்லை. அக்டோபர் கடைசியில் பொலிகாலம் முடிந்திருக்கும், பனி விழுந்தால் மந்தை இன்னும் இறங்கிவிடவும் கூடும். அதற்காக 1,000 அடி கீழே இதேபோன்ற இன்னொரு சரிவையும் குறித்து வைத்தோம். மாநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் எல்க் கிடைக்கிறது என்பதை மைத்துனனிடம் மறுபடி சொன்னேன். நாம் இரண்டு பேர்தானே அத்தான் என்றான். அதில் என்ன தர்க்கம் என்று தெரியவில்லை.

ஐந்தாம் நாள், ஞாயிறு: திரும்பும் வழி

இரவு முழுவதும் ஆலங்கட்டியும் பனியும் கலந்து கொட்டியதால் கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டினோம். ஆஸ்பன் இலைகள் பாதிக்கு மேல் ஒரே இரவில் உதிர்ந்து, சாலை மஞ்சள் விரிப்பாகக் கிடந்தது. பியூஃபர்டுக்கு முன்னால், கோடை மேய்ச்சல் முடிந்து மலையிலிருந்து இறங்கும் ஆட்டு மந்தை சாலையை அடைத்துக்கொண்டு போனதில் முக்கால் மணி நேரம் நின்றோம். பெரிய வெள்ளை நாய் ஒன்று எங்கள் சக்கரத்தை முகர்ந்துவிட்டு, தேறிவிட்டோம் என்பதுபோல் விலகியது. மேய்ச்சல்காரர் பெருவிலிருந்து வந்தவர். மைத்துனன் தனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியில் மான் எங்கே என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே மலை முழுவதையும் கையால் காட்டினார்.

அதற்கு முன்பு, கிளம்பும்போது, ஸ்கின்னி ஃபிஷ் முகப்பில் வண்டியை மெதுவாக்கினேன். வார இறுதி என்பதால் இடம் போதாமல் சாலையோரத்திலும் நிறுத்தியிருந்தார்கள். மைத்துனன் ஈரக் கையுறையைக் கழற்றிவிட்டு, வியாழக்கிழமை எழுதிய ‘6’க்குக் கீழே ‘13’ என்று எழுதினான். எழுதிவிட்டு, “அக்டோபரில் இருபது வண்டியாவது வரும் அல்லவா, அத்தான்?” என்று ஆவலோடு கேட்டான்.